மூன்று பூட்டும் ஒரு ராக்கெட்டும்

ராக்கெட் நனைந்திருந்தது.

லேசாக ஈரம் பட்டிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளும்படியான நனைவு அல்ல. தொப்பலாக நனைந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த உறையும் ஊறிப்போய், மேலே இருந்த அரக்கு முத்திரை மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விறைப்பாக இருந்தது.

பூட்டு சார் அண்ணாந்து பார்த்தார். மாடியில் மாஜிஸ்திரேட் அறை. அந்த அறையின் ஏ.சி. தண்ணீர் இறங்கும் குழாயில் ஒரு விரிசல். அது சொட்டுவதற்கு இந்த அறையில் இடமா இல்லை? திருட்டு சைக்கிள்மேல் சொட்டியிருக்கலாம். கள்ளத் தராசுகள்மேல் சொட்டியிருக்கலாம். அத்தனையையும் விட்டுவிட்டு, சான்றுப் பொருள் எண் நாற்பத்தொன்றின் தலையில் குறி பார்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது.

மணி ஒன்பது. பதினோரு மணிக்கு வழக்கு.

"பரவாயில்ல. இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் எதற்கும் அசருகிற ஆள் இல்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. கோர்ட்டில் எல்லோருக்கும் அவர் பூட்டு சார். வழக்குகளில் பறிமுதலாகும் பொருள்களை வைக்கும் அறைக்கு மூன்று பூட்டுகள் போட்டு, மூன்று சாவியையும் மூன்று தனித்தனிப் பைகளில் வைத்துக்கொள்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? இருபத்திரண்டு வருடத்தில் அவர் பொறுப்பிலிருந்து ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை. சான்றாக வந்த கோழி ஒன்று மூன்று மாதம் அவரிடம் இருந்துவிட்டு, வந்ததைவிட அரைக் கிலோ கூடுதலாகத் திரும்பிப் போயிருக்கிறது.

திங்கட்கிழமை தலைமை எழுத்தர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. பெயரை எழுதப்போவது மாஜிஸ்திரேட் அம்மா. பதவியோடு ஒரு வீடும் உண்டு, பால்கனி வைத்த வீடு. பதினெட்டு வருடமாக மாவு மில்லுக்கு மேல்மாடியில், கட்டில் அதிர அதிரத் தூங்குகிற அவர் மனைவி, அந்தப் பால்கனிக்குத் திரைச்சீலைத் துணியே எடுத்துவிட்டாள். இந்த நேரத்தில் ஒரு சான்றுப் பொருள் கெட்டுப்போனது என்று தெரிந்தால் பதவி வேறு யாருக்காவது போய்விடும். திரைச்சீலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வழக்கு இதுதான். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஒருவர். அவரிடம் கார் ஓட்டப் படித்த ஒரு பல் டாக்டர் பத்து முறை தேர்வில் தோற்று, பதினோராவது முறை பாஸ் செய்துவிட்டார். வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு ராக்கெட் வாங்கி, ஒன்றை நடுரோட்டில் வைத்துக் கொளுத்தினார். எதிரே ஆஸ்பத்திரி. ராக்கெட் இரண்டாம் மாடி ஜன்னல் வழியாக உள்ளே போய், தலைமை நர்ஸின் சாப்பாட்டுத் தட்டில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் நர்ஸ் அம்மா கோபத்தில் அதைக் குப்பையில் வீசிவிட, குப்பை வண்டி கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த இரண்டாவது ராக்கெட்டை ஏட்டு ஒருவர் பறிமுதல் செய்து கொண்டுவந்து ஒப்படைத்தார். வழக்குக்கு இருக்கிற ஒரே சான்று அதுதான்.

பட்டாசுச் சட்டத்தில் பூட்டு சாரை மிஞ்ச ஆள் கிடையாது. கோர்ட் வாசலில் ஆறடிக்கு ஒரு பலகை நிற்கிறது. 'பட்டாசைத் தவறாகப் பயன்படுத்தினால்' என்று தலைப்பு. கீழே வரிசையாகக் குற்றங்கள், எதிரே தண்டனைகள். அந்தப் பலகையின் வாசகம் முழுக்க அவர் எழுதியது. பெயின்டரைப் பக்கத்தில் நின்று வேலை வாங்கியதும் அவரே.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. ராக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்தார். அந்த ஏட்டேதான் நின்றுகொண்டிருந்தார்.

"வணக்கம் சார். அந்த ராக்கெட் நல்லா இருக்கா?"

"அதுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு."

"திறந்து கிறந்து பாத்தீங்களா?"

"சீல் வெச்ச பொருளை நான் எதுக்குத் திறக்கப்போறேன்?"

"அதான் சார். திறக்கவே கூடாது. அப்படியே கொண்டுபோய்க் காட்டி, அப்படியே கொண்டுவந்து வெச்சிடணும். ரொம்ப ஆட்டக்கூட வேணாம்."

"யாருக்கு யார் சொல்லித் தர்றது? போய் உக்காருங்க, கூப்பிடுவாங்க."

ஏட்டு மனசில்லாமல் நகர்ந்தார். இந்த ஆளுக்கு ஏதோ சந்தேகம் வந்துவிட்டது என்று பூட்டு சாருக்குத் தோன்றியது. கதவை உள்பக்கம் தாழிட்டார்.

உறை நனைந்தால் மாற்றிப் புது முத்திரை வைக்கிற அதிகாரம் அவருக்கு உண்டு. எனவே உறை ஒரு பிரச்சினையே இல்லை. ராக்கெட்டைக் காயவைக்க வேண்டும், அவ்வளவுதான். மேசை விளக்கை இழுத்து, ராக்கெட்டை அதன் கீழே சாய்த்து வைத்து, சுவிட்சைப் போட்டார். போட்ட பிறகுதான் பலகையின் மூன்றாவது வரி ஞாபகம் வந்தது. வெப்பத்துக்கு அருகில் பட்டாசை வைத்தால் ஒரு மாதம்.

"வேலைக்காக வெச்சா குத்தம் இல்ல," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரும்பு பீரோவின் கதவைத் திறந்து அதன் பின்னால் உட்கார்ந்தார். நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தார். இருபது நிமிடம் ஆயிற்று. வெடிக்கவில்லை. வேறொருவன் செய்திருந்தால் இந்நேரம் கூரை பறந்திருக்கும், விளக்குக்கும் ராக்கெட்டுக்கும் சரியான இடைவெளி விடத் தெரிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். தன்னைத் தானே பாராட்டிக்கொள்வதில் அவர் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை.

ஆனால் வெடிக்காத ராக்கெட் வேறொன்று செய்தது. சூட்டில் பசை இளகி, சுற்றியிருந்த சிவப்புத் தாள் மெல்லப் பிரிந்து, உள்குழல் வாயைப் பிளந்து, கறுப்பு மருந்து அத்தனையும் பொலபொலவென்று கொட்டியது. பாய்ந்துபோய் இரண்டு கையாலும் ஏந்தினார். பாதி கையில், பாதி சட்டையில். ஈர மருந்து வெள்ளைச் சட்டையில் பழுப்பாக இறங்கிப் பரவியது.

உரிமம் இல்லாமல் பட்டாசைப் பிரித்து மருந்தைக் கையாண்டால் ஆறு மாதம். பலகையில் ஐந்தாவது வரி. அந்த 'ஆறு' முதலில் 'நான்கு' என்றுதான் இருந்தது. போதாது என்று திருத்தச் சொன்னவர் அவர்தான்.

குனிந்து முகர்ந்து பார்த்தார். மூன்று நாள் ஜலதோஷத்தில் மூக்கு முகத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்ததே தவிர வேலை செய்யவில்லை. வாசனை தெரியாவிட்டால் என்ன, வெடிமருந்து வெடிமருந்துதானே? இனி இதை எங்கே போடுவது? குப்பைக்கூடையில் போட்டால் யாராவது பீடித் துண்டை வீசுவார்கள். ஓடிப்போய் வராந்தாக் குழாயடியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். கறுப்பாகச் சுழன்று ஓடையில் போய்ச் சேர்ந்தது. மருந்தைப் பொது வடிகாலில் கலந்தால் இரண்டு மாதம். ஆக, ஒன்பது மாதம். மணி ஒன்பதே முக்கால்தான் ஆகியிருந்தது.

"எங்கயும் எதுவும் கெட்டுப்போகல. புதுசா ஒண்ணு செஞ்சிட்டாப் போச்சு," என்றார்.

குச்சி நன்றாக இருந்தது. அதில் கட்டிய அட்டையும், வாத்தியாரின் கையெழுத்தும், ஏட்டின் கையெழுத்தும் பத்திரம். கழுகுப் படம் போட்ட சிவப்புத் தாள் கிழியவில்லை, கசங்கித்தான் இருந்தது. குழலுக்கு, எழுத்து எதுவும் இல்லாத வெள்ளைத் தாளாகப் பார்த்து எடுத்து உருட்டினார். கோர்ட் பெயர் அச்சடித்த தாளை எடுத்து மாட்டிக்கொள்ள அவர் என்ன புது ஆளா? தாளின் கசங்கலை எடுப்பதற்கு இஸ்திரிப் பெட்டி வேண்டும். இருக்கிற ஒரே இஸ்திரிப் பெட்டி வக்கீல்கள் அறையில் இருந்தது.

அங்கே வாத்தியாரின் வக்கீலம்மா கறுப்புக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வயது முப்பதுக்குள் இருக்கும். கண் மட்டும் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தது.

"நீங்க முடிச்சதும் கொஞ்சம் குடும்மா."

"எடுத்துக்குங்க சார். என்ன தேய்க்கணும்?"

"ஒரு தாள். அக்கா பேத்திக்கு ஸ்கூல்ல ஏதோ செஞ்சுட்டு வரச் சொன்னாங்களாம்."

"அழகா இருக்கே, கழுகுப் படமா?"

"கழுகுதான். பறவைகளைப் பத்திப் பாடம்."

அவர் இஸ்திரி போட்டு முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். போகும்போது திரும்பி இன்னொரு முறை அந்தத் தாளைப் பார்த்தாள். பூட்டு சார் அதைக் கலையார்வம் என்று எடுத்துக்கொண்டார்.

இனி உள்ளே அடைக்க ஏதாவது வேண்டும். வெற்றுக் குழல் எடை இல்லாமல் காட்டிக் கொடுத்துவிடும். மணல் வெளுப்பு. கரி கிடைக்காது. கறுப்பாக, பொடியாக, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது? யோசனை வந்ததும் அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது. நேரே கேன்டீனுக்குப் போனார்.

"அக்கா, ஒரு கைப்பிடி டீத்தூள் குடுங்க."

"டீ போட்டே தர்றேனே சார்?"

"வேணாம். தூளாவே குடுங்க. நல்லாக் கறுப்பா, நைசா இருக்கணும்."

"இன்னிக்கு எல்லாருக்கும் என்ன ஆச்சு? காலையில உங்க பக்கத்துக் குழாயடியில ஒரே டீ வாசனை. நான்தான் ஏதோ கொட்டிட்டேன்னு ஜட்ஜ் அம்மா டிரைவர் என்னைத் திட்டிட்டுப் போறாரு. உங்க ஃபிளாஸ்க்கைக் கழுவுனீங்களா?"

"ஆமா, ஆமா," என்றார் அவசரத்தில். கேன்டீன்காரிகளின் மூக்கில் எந்நேரமும் டீ வாசனைதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பொட்டலத்தோடு திரும்பினார்.

அறையை நெருங்கும்போது மறுபடியும் ஏட்டு. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பார்வை பூட்டு சாரின் சட்டைக்குப் போயிற்று.

"சார், சட்டையில என்ன கறை?"

சட்டென்று சொன்னார், "டீ."

ஏட்டின் முகத்தில் ஈயாடவில்லை.

"டீயா?"

"டீதான். கொட்டிடுச்சு. ஏன், மனுஷன் சட்டையில டீ கொட்டக் கூடாதா?"

"இல்ல சார், கொட்டலாம். கொட்டலாம் சார்." ஏட்டு தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர்களுக்கு இப்போதெல்லாம் உடம்பில் தெம்பே இல்லை என்று பூட்டு சார் நினைத்துக்கொண்டார்.

குழலில் டீத்தூளை அடைத்து, மேலே தாளைச் சுற்றிப் பசை தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, பால்கனி எத்தனை அடி? தையக்காரர் கேக்கறாரு."

"பத்தடி. தைக்கச் சொல்லு."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? ஏதாவது பிரச்சினையா?"

"எனக்கா? பிரச்சினையா?" என்று சிரித்தார். சிரிப்பு நன்றாகத்தான் வந்தது. பதினெட்டு வருடமாக அவள் அவரிடம் கேட்டது அந்த ஒரு பால்கனிதான். நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. அதை நினைத்ததும் மூக்கை உறிஞ்சினார். அது ஜலதோஷம் என்று முடிவு செய்துகொண்டு வேலையைப் பார்த்தார்.

ராக்கெட் தயார். பழசைவிடப் பார்வையாக இருந்தது. புது உறை, புது முத்திரை. பட்டாசு போலப் போலி செய்து ஏமாற்றினால் ஓராண்டு என்கிற பலகையின் கடைசி வரியை மட்டும் அவர் அன்று நினைக்கவே மறுத்தார்.

பதினோரு மணிக்குக் கோர்ட் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பல் டாக்டர், கையில் கார் சாவியோடு. கூண்டில் வாத்தியார். தண்டனை என்று ஆனால் டிரைவிங் ஸ்கூல் உரிமம் போய்விடும் என்பதால் ஒரு மாதமாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வாயைத் திறக்கவே கூடாது என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பூட்டு சார் உறையைப் பிரித்து ராக்கெட்டை மேசையில் வைத்தார். அரசு வக்கீல் அதைக் காட்டி ஐந்து நிமிடம் முழங்கினார். ஆஸ்பத்திரி என்றார், நோயாளிகள் என்றார், அமைதி மண்டலத்தில் வெடித்தால் மூன்று மாதம் என்று வாசல் பலகையே சொல்கிறது என்றார். தன் வாசகம் தீர்ப்பில் ஏறப்போகிறது என்று பூட்டு சாருக்கு அந்த நிலையிலும் ஒரு பூரிப்பு.

வக்கீலம்மா எழுந்தாள். ராக்கெட்டைக் கையில் எடுத்தாள். கழுகைப் பார்த்தாள். பிறகு பூட்டு சாரைப் பார்த்தாள்.

"பொருளை ஒரு மாசம் மூணு பூட்டுக்குள்ள வெச்சிருந்தாங்க. தாள் இப்பத்தான் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. இது பட்டாசுதான்னு யாராவது சோதிச்சாங்களா? இல்ல. இங்கயே, உங்க முன்னாலயே பிரிச்சுப் பாத்துடலாம்னு கேட்டுக்கறேன்."

"ஆபத்து!" என்றார் அரசு வக்கீல்.

"வேணாம்மா!" என்று கதவோரம் நின்ற ஏட்டு கத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இருமுவதுபோல் காட்டிக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் அம்மா நிதானமான மனுஷி. உறை பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து, குழலின் அடிப்பக்கத்தைக் கீறி, ஒரு வெள்ளைத் தாளில் தட்டினார். கறுப்புத் தூள் குவிந்தது. விரலால் எடுத்தார். முகர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி இன்னொரு முறை முகர்ந்தார்.

"இது டீத்தூள்," என்றார்.

முதலில் பல் டாக்டர்தான் சிரித்தார். பிறகு கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் அம்மா மேசையில் இரண்டு தட்டு தட்டியதும் அடங்கியது.

"டீத்தூள் வெச்சிருந்ததுக்கு எந்தச் சட்டத்துலயும் தண்டனை இல்ல," என்றாள் வக்கீலம்மா.

அரசு வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது எதிரியோட வேலை! ஆள் வெச்சு சான்றை மாத்தியிருக்கான். பட்டாசுக்கு மூணு மாசம்தான். இதுக்கு ஏழு வருஷம்! இப்பவே உள்ள தள்ளணும்!"

வாத்தியார் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வக்கீலம்மா சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. "ஐயோ, எனக்குக் கியரைத் தவிர எதையும் மாத்தத் தெரியாதுங்க! பொண்டாட்டி புள்ளை இருக்குங்க!" என்று கதறினார்.

மாஜிஸ்திரேட் அம்மா பதிவேட்டை இழுத்துப் பார்த்தார். "பறிமுதல் பண்ணினது ஏட்டு. பாதுகாத்தது நம்ம எழுத்தர். வேற யார் கையும் படல. எழுத்தர் என்ன சொல்றீங்க?"

பூட்டு சார் எழுந்தார். பொய் சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. எனக்குத் தெரியாது என்ற இரண்டு வார்த்தை. சொன்னால் திங்கட்கிழமை, பட்டியல், பால்கனி, பத்தடித் திரைச்சீலை எல்லாம் பத்திரம். ஆனால் கூண்டில் அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் தன் பொறுப்பிலிருந்து ஒரு குண்டூசியைக்கூடத் தொலைத்ததில்லை. இப்போது ஒரு மனுஷனையே தொலைப்பதா? வாசல் பலகையின் மொத்தத் தண்டனையையும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். ஒரு வருடம் ஒன்பது மாதம் வந்தது. வரட்டும். மாவு மில் மாடியில் இன்னும் கொஞ்ச நாள் அவள் பொறுத்துக்கொள்வாள்.

தொண்டையைச் செருமினார். மூன்று சாவிகளையும் மூன்று பைகளிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அம்மா, அந்த வாத்தியார்மேல எந்தத் தப்பும் இல்ல. அந்த டீத்தூளை உள்ள வெச்சது..."

"வேணாம் சார்! எனக்காக நீங்க பழி ஏத்துக்காதீங்க!"

கதவோரத்திலிருந்து ஏட்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. நேரே மாஜிஸ்திரேட் மேசைக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"மன்னிச்சிடுங்கம்மா! நிஜ ராக்கெட்டை அன்னிக்கு ராத்திரியே என் பொண்ணு பிறந்தநாளுக்கு விட்டுட்டேன். பூட்டு சார்கிட்ட நான் கொண்டுவந்து குடுத்தப்பவே அதுக்குள்ள இருந்தது எங்க வீட்டு டீத்தூள்தாம்மா!"